பெட்ரீசியா அக்கா தப்பாகக் கேட்ட கேள்வி

பெட்ரீசியா அக்காவுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. எங்கள் மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில் செருப்புச் சத்தம் படபடவென்று கேட்டால், காத்திருக்கும் நோயாளிகள் தலையைத் தூக்காமலேயே "அக்கா வருது" என்பார்கள். ஐம்பதை எட்டப்போகிற மனுஷி. சந்தோஷம் வந்தாலும் ஓடுவார், கோபம் வந்தாலும் ஓடுவார். லிஃப்டுக்குக் காத்து நின்று நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை காலையில் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஷர்மினி. மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில், நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை எனக்கு. ஆய்வு என்றால் பயப்பட வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஏறியவர்களுக்கு ஒரு புது மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கண்டுபிடித்தது. அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பல ஊர்களில் பார்க்கிறார்கள், அதில் எங்கள் ஊரும் ஒன்று. நோயாளிகள் மாதம் ஒருமுறை வெறும் வயிற்றோடு வர வேண்டும். ரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, விமானத்தில் சிங்கப்பூர் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். இதையெல்லாம் நடத்துகிறவர் பெட்ரீசியா அக்கா. நோயாளிகளைக் கூப்பிடுவது, கேள்வி கேட்பது, மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, வராதவர்களைத் திட்டுவது, எல்லாம் அவர்தான்.

அக்கா பிறந்தது சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அலெக்சாண்டர் அங்கே டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவதிலிருந்து ஊசி போடுவது வரை பார்க்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள். தோட்டம் விற்றுப்போய் வீடுகள் முளைத்த பிறகு குடும்பம் குனோங் ராபாட்டுக்கு வந்தது. அக்கா தாதியாகப் படித்து, தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனையில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். "அங்க நான் உள்ளயா வெளியவான்னு கேக்காத" என்று அவரே முந்திக்கொண்டு கிண்டல் செய்துவிடுவார், நமக்கு வாய்ப்பே தர மாட்டார். கணவர் கால்வின் வீடுகளுக்கு ஏர்கோன் என்கிற ஏ.சி. மாட்டுகிறவர், வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் அக்காவின் குரல்தான் மற்ற எல்லார் குரலையும் அமுக்கிக்கொண்டு மேலே கேட்கும்.

ஆய்வில் மொத்தம் ஐம்பத்தெட்டு பேர். தமிழர்கள் இருபத்தொன்று. அந்த இருபத்தொரு பேரையும் ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்தவர் அக்கா. "நம்ம ஆளுங்களுக்குத்தான் சர்க்கரை ஜாஸ்தி, நம்ம ஆளுங்க இல்லாம என்னடா ஆராய்ச்சி?" என்று வீடு வீடாகப் போனார். சேர்ந்தவர்களுக்கு மருந்து, பரிசோதனை, பஸ் காசு எல்லாம் இலவசம். மாதாமாதம் ஒரு டாக்டர் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பார். அவர்களில் பாதிப் பேரை அதற்கு முன் எந்த டாக்டரும் அப்படிப் பார்த்தது கிடையாது.

வினை எங்கே வந்ததென்றால், சிங்கப்பூருக்குப் போன ரத்தக் குழாய்கள் திரும்ப ஆரம்பித்தன. அதாவது, குழாய் திரும்பாது, கடிதம் வரும். 'ரத்தம் பால்போலக் கலங்கியிருக்கிறது. நோயாளி வெறும் வயிற்றில் இல்லை. மீண்டும் எடுக்கவும்.' மீண்டும் எடுப்பதென்றால் மீண்டும் பஸ், மீண்டும் தாதி, மீண்டும் பனிக்கட்டி, மீண்டும் விமானம். ஒரு மாதத்தில் பதினாறு கடிதம் வந்தது. கணினியில் ஏற்றுகிறவள் நான், எரிச்சலில் அவற்றை மொழிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பதினாறில் பதினாலு தமிழர்கள்! ஏன் பிரித்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

நிர்வாகம் சும்மா இருக்குமா? முதலில் கைப்பேசியில் 'சாப்பிடாமல் வரவும்' என்று நினைவூட்டும் செய்தி. அப்புறம் நான்கு வண்ணத்தில் ஒரு சுவரொட்டி. வாழை இலையில் சோறு, மேலே சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி. அந்தச் சோற்றுப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்த புத்திசாலி நான்தான். அடுத்த மாதம் கடிதம் பதினேழு ஆனது.

கம்பெனியின் சார்பாக எங்களைக் கண்காணிக்கிறவர் ட்ரேசி. கோலாலம்பூர்க்காரர், நம்ம பிள்ளைதான், தமிழ் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. கெட்டவர் இல்லை, ஆனால் செலவுக் கணக்கோடு வந்து நின்றார். இரண்டு தடவை ரத்தம் எடுக்கிற செலவில் இன்னொரு ஊரையே நடத்திவிடலாமாம். ஒரே வழி, தமிழ் நோயாளிகள் இருபத்தொரு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களோடு தொடர்வது. அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு.

"அவங்க சொன்னா கேக்க மாட்றாங்க அக்கா. சாப்பிட்டுட்டு வந்து சாப்பிடலன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ண முடியும்லா?" என்றார் ட்ரேசி.

  எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ட்ரேசி மேலா, நம் ஆட்கள் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் கூட்டம். காலை எட்டரைக்கு சீனி ஐயா வந்தார். அறுபத்தேழு வயது. இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், இப்போது பாகான் செராயில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவார். கடந்த ஐந்து மாதத்தில் ஐந்து முறையும் அவர் ரத்தம் கலங்கல் என்று கடிதம் வந்திருந்தது. பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஐயா, சாப்பிட்டீங்களா?"

"இல்ல தாயி. நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்."

"சத்தியமா?"

"உங்க மாதாகிட்ட வேணா கேட்டுக்க."

ரத்தம் எடுத்தாயிற்று. அதன் பிறகு அக்கா கேன்டீன் கூப்பனை நீட்டினார். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு நாங்கள் கொடுப்பது அது.  போன மாதம் வரை கையில் காசாகக் கொடுத்தோம், அதை யாரும் வேண்டாம் என்றதில்லை. அன்றுதான் கூப்பன் முதல் நாள்.

"இந்தாங்கய்யா, கேன்டீன்ல போய் பசியாறிட்டு வாங்க."

சீனி ஐயா கூப்பனைத் திருப்பி மேசையில் வைத்தார். "வேணாம் தாயி, வீணாப் போயிரும். வர்ற வழியில பஸ் ஸ்டேண்ட்லயே பசியாறியாச்சு. ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். இத வேற யாருக்காச்சும் குடு."

மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். 

"ஐயா," என்றார் அக்கா, குரல் கீச்சென்று ஏறிவிட்டது. "இப்பத்தானே சாப்பிடலன்னு சொன்னீங்க?"

"ஆமா. சாப்பிடல." அவருக்கு என்ன குழப்பம் என்றே விளங்கவில்லை. "பசியாறுனேன். சாப்பாடு பகல்லதானே."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காலையில் தின்பது சாப்பாடு இல்லை, பசியாறுவது. பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயோ இட்லியோ, உள்ளே கறி அடைத்துப் பொரித்த கறிபாப்போ, தே தாரேக் என்கிற ஆற்றிய தேத்தண்ணியோ, வயிறு முட்டத் தின்றாலும் அது பசியாறியதுதான். சோறு உள்ளே போனால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, மரம் சீவி முடித்து ஒன்பது பத்து மணிக்குப் பசியாறுவார்கள். பால் எடுத்து நிறுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. தோட்டம் போயும் சொல் போகவில்லை. இந்தச் சொல் எங்கள் எல்லார் வாயிலும் நாளைக்குப் பத்து முறை வருகிறது. அன்று காலைகூட அக்கா என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் வரிசையாகச் சொல்ல முடியாது. அக்கா ஓடினார். நான் பின்னால் ஓடினேன். காத்திருப்பு அறையில் எங்கள் நோயாளிகள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முதல் நாற்காலியின் முன் போய் நின்றார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"பசியாறிட்டீங்களா?"

"ஓ, ஆச்சே! தோசை."

அடுத்த நாற்காலி. "அண்ணே, சாப்பிட்டீங்களா?" "இல்ல." "பசியாறிட்டீங்களா?" "இப்பதான், முக்குக் கடையில. ஏன், கலர் படத்துல சோறுதானே கூடாதுன்னு போட்டிருக்கு?"

அந்த இடத்தில் எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அக்காவோ சிரிக்கிறார், அழுகிறார், அந்த அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். ஆறு பேரில் ஐந்து பேர் பசியாறியிருந்தார்கள். ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "பொய் இல்லடி ஷர்மினி! ஒருத்தர்கூட பொய் சொல்லல!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து கட்டுப்போட்ட காலோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். பிற்பகலுக்குள் மீதி எல்லாருக்கும் போன் போட்டு, போன மாதம் வந்த அன்று காலை என்ன செய்தார்கள் என்று கேட்டோம். கடிதம் வந்த தமிழர் ஒவ்வொருவரும் பசியாறியவர்.

சாயங்காலம் போல்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கோப்பைத் திறந்து அங்கீகரிக்கப்பட்ட தமிழ்க் கேள்வித்தாளைப் பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த கேள்வி இது: 'கடந்த பத்து மணி நேரத்தில் தாங்கள் ஏதேனும் உணவோ பானமோ உட்கொண்டீர்களா?' எங்கோ உட்கார்ந்து யாரோ மொழிபெயர்த்தது. ஆறு மாதத்துக்கு முன், ஆய்வு தொடங்கியபோது இதைப் படித்துவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "தாங்கள்னு கேட்டா நம்ம ஆளு பின்னாடி யாரு ராஜா நிக்கிறாருன்னு திரும்பிப் பாப்பாரு." அன்றிலிருந்து அவர் வாயால் "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டு, தாளில் 'இல்லை' என்று குறித்துவந்தார். ஆய்வில் அங்கீகரித்த கேள்வியை ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. மாற்றியது தெரிந்தால் வேலைக்கே ஆபத்து.

"அக்கா," என்றேன். "நாளைக்குக் கூட்டத்துல இதச் சொல்லாதீங்க. ஒரு மாசம் டைம் மட்டும் கேளுங்க. இனிமே சரியா கேட்டுக்கலாம், கலங்கல் தானா நின்னுரும். யாருக்கும் தெரியாது."

"ஒரு மாசம் எதுக்குன்னு கேப்பாங்களே?"

"ஏதாச்சும் சொல்லிக்கலாம்லா. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்காதீங்க."

 அக்கா சீனி ஐயாவின் கோப்பை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். மூன்று மாதத்துக்கு முன் அக்காவே கையால் எழுதியது. 'இந்த நோயாளி உண்மை சொல்வதில்லை.' கீழே கையெழுத்து, தேதி.

"பதினாலு கோப்புல இப்படி எழுதியிருக்கேன்டி," என்றார். "தப்பா கேட்டது நானு. பொய்யங்கன்னு பேர் வாங்குனது அவங்க. இத வச்சுத்தானே நாளைக்கு வெளிய தள்ளப் போறாங்க."  எனக்குக் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். ஆய்வுக்குத் தலைவர் டாக்டர் யுவனேஸ்வரன். காரைக்குடிப் பக்கத்து வேர், ஈப்போவில் மூன்று தலைமுறை. அதிகம் பேசாதவர், ஆனால் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். பேனா திறந்து மூடிக்கொண்டிருந்தது. ட்ரேசி கணினியை விரித்து, நீக்க வேண்டிய இருபத்தொரு பெயரைச் சுவரில் காட்டினார்.

அக்கா எழுந்தார். "மிஸ் ட்ரேசி, சாப்பிட்டீங்களா?"

எல்லாரும் விழித்தோம். "இல்லக்கா, கேஎல்ல இருந்து நேரா வாரேன். கூட்டம் முடிஞ்சு போலாம்லா."

"பசியாறிட்டீங்களா?"

"ஓ, அது ஆச்சு. தாப்பாவுல நிப்பாட்டி ரெண்டு கறிபாப், தேத்தண்ணி..."

ட்ரேசியின் வாய் அப்படியே நின்றது. கண் மட்டும் சுவரில் இருந்த பெயர்களுக்குப் போனது, திரும்பி அக்காவிடம் வந்தது. "கடவுளே," என்றார் மெல்ல.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க ஆத்தா தினமும் போன்ல மொதல்ல கேக்குறதே பசியாறியாச்சான்னுதான்," என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் அதுக்கு ஆச்சுன்னு சொல்வேன். அப்புறம் அவுங்க சாப்பிட்டியான்னு தனியா கேப்பாங்க. ஆறு மாசமா இந்த அறையில உக்காந்திருக்கேன், எனக்குத் தோணலயே!"

சிரிப்பு அடங்கும் முன்பே அக்கா மீதியைச் சொல்லிவிட்டார். அங்கீகரித்த கேள்வியை மாற்றியது தான்தான் என்றும், பதினாலு கோப்பில் எழுதியிருப்பது தவறு என்றும், நோயாளிகளை நீக்குவதென்றால் அவர்களுக்குப் பதில் தன்னை நீக்கட்டும் என்றும், ஒரே மூச்சில்.  டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார்.

கண்டிப்புக் கடிதம் அக்காவுக்குக் கிடைத்தது, மறைக்க ஒன்றுமில்லை. மூன்று பக்கம். ஆனால் ட்ரேசி அந்த இருபத்தொரு பெயரையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மாதத் தவணை கொடுத்தார். புதிய கேள்வி முறைப்படி நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் போக வேண்டும். அதன் பிறகு எடுக்கும் இருபத்தொரு குழாயில் இரண்டுக்கு மேல் கலங்கினால், பேச்சே இல்லை, எல்லாரும் வெளியே.

புதிய கேள்வியை அக்கா எழுதினார், நான் தட்டச்சு செய்தேன், டாக்டர் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்தார். 'ராத்திரி படுத்ததிலிருந்து தண்ணீர் தவிர என்ன வாயில் போட்டீர்கள்? பசியாறினீர்களா? தேத்தண்ணி, கோப்பி குடித்தீர்களா?' குழு மூன்று வாரத்தில் அனுமதி கொடுத்தது. தூரத்திலிருந்து பசியோடு வருகிறவர்களை முதலில் கூப்பிட்டு ஏழரைக்கே ரத்தம் எடுத்துவிடுவது என்று வரிசையையும் மாற்றினோம். என் சோற்றுப் படச் சுவரொட்டியை நானே ஏணி போட்டு ஏறிக் கிழித்தேன்.

குழாய்கள் சிங்கப்பூர் போய் ஆறாம் நாள் முடிவு வந்தது. திரையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், கழுத்தில் சுட்டது. ஒவ்வொரு பெயராக இறங்கினோம். தெளிவு. தெளிவு. தெளிவு. பதினெட்டாவது பெயரில் 'நிராகரிப்பு' என்று சிவப்பில் இருந்தது. அக்கா என் தோளைக் கிள்ளிவிட்டார். காரணத்தைப் படித்தேன்: 'விமானத்தில் குழாய் உடைந்தது.' அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லும் பொறுப்பில்லை. மற்ற இருபதும் தெளிவு!

நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் என் நாற்காலிச் சக்கரம் ஒன்று கழன்றது. ட்ரேசிக்கு போன் போட்டால், அவர் அங்கே எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். பினாங்கிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ் நோயாளிகளுக்கும் இதே கேள்வியை அனுப்பக் கம்பெனியிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். மறுபடி எடுக்கிற செலவு மிச்சமாவதில் மேலும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். "பத்துப் பேரா? இருபதா போடுங்கலா," என்றார் அக்கா, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல்.

அடுத்த முறை சீனி ஐயா வந்தபோது அக்கா அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"ஐயா, உங்களப் பத்தி நான் தப்பா எழுதிட்டேன். உண்மை சொல்றதில்லன்னு. தப்பு என்னோடது."

சீனி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அழிச்சிரு தாயி," என்றார்.

"அழிக்கக் கூடாதுங்கய்யா. இங்க சட்டம் அது. எழுதுனது தெரியிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானத எழுதி, பேரும் தேதியும் போடணும்."

 "அப்படின்னா, நீ எழுதுனதும் தெரியும், நீயே அடிச்சதும் தெரியுமா?"

"தெரியும்யா. எப்பவும் தெரியும்."

"அப்போ அதுதான் நல்லது," என்றார் சீனி ஐயா. "போடு."

அக்கா கோட்டைப் போட்டார். பக்கத்தில், 'இவர் உண்மைதான் சொன்னார், கேள்விதான் தவறு' என்று எழுதினார்.  கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மற்ற பதின்மூன்று கோப்புகளையும் எடுத்துவரச் சொல்லி என்னைத் துரத்தினார். நான் ஓடினேன்.